ரேம் பத்தாது, அண்ணாச்சி!

ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பர் வீட்டுக் கல்யாணம். வீடியோ எடுக்க ராஜபாளையத்திலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்ததும் பார்த்தால் கேமரா கார்டு ஃபுல். லேப்டாப் டிஸ்க்கிலும் இடமில்லை. கைக்குக் கிடைத்த மலிவான பென் டிரைவ் ஒன்றைச் செருகிக் காப்பி போட்டார். திரையில் பச்சைக் கோடு ஓடி நூறு சதவீதம் காட்டியது. நிம்மதியாகக் கார்டை அழித்துவிட்டு, சாயந்திர ரிசப்ஷனுக்குக் கேமராவில் மாட்டினார்.

லேப்டாப் அப்படியே உறைந்து போனது. ராஜபாளையத்து மெக்கானிக்குக்கு போன் போட்டார். "ஹேங்கா? பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அமுக்குங்க, அண்ணாச்சி." அமுக்கினார். மறுபடி திறந்தால், தாலி கட்டும் காட்சியைக் காணோம்.

போனை வாங்கிக் காரணம் கேட்டேன். "ரேம் பத்தாது சார். போன மாசம்தான் எட்டைப் பதினாறாக்கினேன். முப்பத்திரெண்டு போட்டா சரியாயிரும்."

எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அந்த பதில் மேல்.

அந்த லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். நீங்கள் காப்பி போடும்போது அதன் கெர்னல் உடனே பென் டிரைவில் எழுதுவதில்லை. முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்கிறது. பச்சைக் கோடு காட்டும் நூறு சதவீதம், 'வாங்கிக்கொண்டேன்' என்பதற்குத்தான். 'எழுதிவிட்டேன்' என்பதற்கு அல்ல. இப்படி எழுதப்படாமல் தேங்கும் பக்கங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டர்ட்டி', அழுக்கு. காலியாகக் கிடைக்கும் நினைவகத்தில் 20 சதவீதம் வரை அழுக்கு சேரலாம் என்பது கெர்னலின் பொது அளவு. அந்த எல்லையைத் தொட்டால், புதிதாக எழுத வருகிற புரோகிராம்களை எல்லாம் நிறுத்தி வைக்கும். உங்கள் கண்ணுக்கு அதுதான் ஹேங்.

இப்போது கணக்குப் போடுங்கள். 8 ஜிபி ரேமில் 20 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1.6 ஜிபி. விநாடிக்கு 5 எம்பி எழுதும் பென் டிரைவில் அது வடிய ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். 16 ஜிபி என்றால் 3.2 ஜிபி, பத்து நிமிஷத்துக்கு மேல். அதாவது, ரேமை இரட்டிப்பாக்கியதால் ஹேங்கும் இரட்டிப்பானது! மருந்து என்று விற்றது நோயைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைப் பால்கோவாவில் சொன்னால் புரியும். கடையில் அடுப்பு ஒன்றுதான். பால் வைக்கிற அண்டாக்களை மட்டும் இரட்டிப்பாக்கினால் கோவா சீக்கிரம் இறங்குமா? பால்தான் தேங்கும்.

இது ரகசியமும் இல்லை. 2013-இல் இதே பென் டிரைவ் பிரச்னை கெர்னல் எழுதுகிறவர்களிடம் வந்தபோது, ரேம் கொஞ்சமாக இருந்த காலத்துச் சதவீதக் கணக்கு இன்றைய மெஷின்களுக்குப் பொருந்தாது என்று லினஸ் டோர்வால்ட்ஸே ஒத்துக்கொண்டார். 2017-இல் வந்த 4.10 கெர்னலில், ஜென்ஸ் ஆக்ஸ்போ செய்த மாற்றம், படிக்க வருகிறவர் எழுதுகிறவருக்குப் பின்னால் காத்துக் கிடப்பதைக் குறைத்தது. சதவீதம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே கெர்னல்காரர்களையும் நான் விடுவதாக இல்லை.

இன்னொரு கூத்து கேளுங்கள். ஒரு புரோகிராம் 120 விநாடிக்கு மேல் இப்படி மாட்டிக்கொண்டால், பெரும்பாலான லினக்ஸ்களில் கெர்னல் அதைத் தன் பதிவேட்டில் எழுதி வைக்கும். எந்த இடத்தில் மாட்டியது என்பது உட்பட. கூடவே, இந்த எச்சரிக்கை வராமல் நிறுத்துவது எப்படி என்றும் ஒரு வரி எழுதும். நம் ஆட்கள் முதலில் செய்வது அந்த வரியைத்தான்! வீட்டில் புகை வந்தால் மணியைக் கழற்றி வைக்கிற புத்திசாலித்தனம்.

"வாடிக்கையாளர் பத்து நிமிஷத்தில் சரி பண்ணச் சொல்றார். பதிவேட்டைப் படிக்க எங்க சார் நேரம்?" என்று மெக்கானிக் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு என்ன சாக்கு? டெட்லாக்குக்கு நாலு நிபந்தனை என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குகிறார்கள். நிஜமாக ஒரு மெஷின் நின்றால், அவர்களுக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் தடயத்தை அழிக்கிறது. கொலை நடந்த அறையைக் கழுவிவிட்டுக் கொலையாளியைத் தேடுகிற மாதிரி.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். பச்சைக் கோட்டை நம்பாதீர்கள். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று மெஷின் சொல்லும்வரை கார்டை அழிக்காதீர்கள். விஷயம் தெரிந்தவரிடம் சொல்லி, அழுக்கு எல்லையைச் சதவீதத்தில் இல்லாமல், இருநூறு எம்பி என்கிற மாதிரி பைட் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வரி வேலை, 2009-இலிருந்தே இருக்கிற வசதி, செலவு பூஜ்யம். அப்படியும் நின்றால், ஆல்ட், பிரிண்ட் ஸ்க்ரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு டபிள்யூ அமுக்கினால், யார் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று கெர்னல் பட்டியல் போடும். பல லினக்ஸ்களில் இதைப் பூட்டி வைத்திருப்பார்கள். முன்கூட்டியே திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இது எதுவும் முடியாவிட்டால், சும்மா இருங்கள். ஒரு காப்பி சாப்பிட்டு வாருங்கள். மெஷின் சாகவில்லை, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு மண்டபத்தில் அவர் பவர் பட்டனை அமுக்கிய விநாடியை நினைத்துப் பார்க்கிறேன். பென் டிரைவில் இருந்த குட்டி விளக்கு சிமிட்டிக்கொண்டேதான் இருந்தது. தாலி கட்டும் காட்சி பாதி வழியில் இருந்திருக்கிறது. நாங்கள் ஆறு பேர் சுற்றி நின்றோம். ஒருத்தரும் அந்த விளக்கைப் பார்க்கவில்லை, நான் உட்பட.