எடுத்தவனே சுமக்கட்டும்

திருப்பூரில் குறும்படம் எடுக்காத இளைஞனை இனிமேல் தேடித்தான் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. கட்டிங் மாஸ்டரின் மகன் எடுக்கிறான்; ஓவர்லாக் ஓட்டுகிறவன் எடுக்கிறான்; செக்கிங்கில் நிற்கும் பெண் கதை சொல்கிறாள். ஒரு காமிரா, இரவல் விளக்கு, வாரக் கூலியில் மிச்சம் பிடித்த பணம், இவ்வளவுதான் முதல். எடுக்கிற விஷயமோ லேசானதல்ல. நொய்யலில் ஓடிய சாயம், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்து நின்றவர்கள், ஒன்றரை ஷிப்டு உழைப்பு, விடுதிக் கதவுக்குள் வளரும் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் முடங்கும் பையன்கள் - நம் நாவலாசிரியர்களில் பலர் தொடத் தயங்குகிற வாழ்க்கை இது.

இதில் எனக்குச் சந்தோஷமே. என் சண்டை படம் எடுப்பதைப் பற்றியதல்ல. எடுத்த பிறகு நடப்பதைப் பற்றியது.

என்ன நடக்கிறது? படம் போட்டிக்குப் போகிறது. ஒரு கேடயம், ஒரு சால்வை. பிறகு யூடியூபில் ஏறுகிறது. பிறகு, யாராவது தயாரிப்பாளர் கண்ணில் படாதா என்று சென்னைக்குப் போகிறது. மூன்றும் ஆன பின் எடுத்தவர் பெருமூச்சு விடுகிறார்: "நல்ல படத்தை ஜனங்க எங்கங்க பார்க்கறாங்க?"

நான் கேட்கிறேன்: தம்பி, ஜனங்களிடம் நீங்கள் எப்போது கொண்டு போனீர்கள்?

பரிசு படத்தை ஜனங்களிடம் சேர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு பழைய கதையை நினைவில் வைக்க வேண்டும். 1965-இல் ஜெயகாந்தன் தம் நாவலான 'உன்னைப் போல் ஒருவ'னைத் தாமே படமாக எடுத்தார். பாட்டு கிடையாது, பெரிய நட்சத்திரம் கிடையாது. தேசிய விருது வந்தது. அந்தப் படத்தைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர், பார்த்தவர்கள் எத்தனை பேர்? விருது பெயரைக் காப்பாற்றும். படத்தைத் தியேட்டருக்குச் சுமந்து போகாது.

சென்னைக்குப் போவதையும் நான் குறை சொல்லவில்லை. 2009-இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் என்று கெட்டிக்காரர்கள் பலர் வந்தார்கள். ஆனால் அந்த வழியில் குறும்படம் என்பது என்ன? பையருக்கு அனுப்புகிற சாம்பிள் பீஸ். ஆர்டர் கிடைத்த பின் சாம்பிளை யார் உடுத்துகிறார்கள்? நொய்யலைப் பற்றி எடுத்த படம் வெறும் சாம்பிளாக அலமாரியில் கிடந்தால், நொய்யலுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? இதை உணர்ந்துதானோ என்னவோ, அதே கார்த்திக் சுப்புராஜ் 2015-இல் ஆறு குறும்படங்களைக் கோத்து 'பெஞ்ச் டாக்கீஸ்' என்ற பெயரில் தியேட்டருக்கே கொண்டு வந்தார். டிக்கெட் வாங்கித்தான் ஜனங்கள் பார்த்தார்கள்.

மூன்றாவது யூடியூப். அதில் விளம்பரக் காசில் பங்கு வேண்டுமானால் ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். ஒரு வருஷத்தில் நாலாயிரம் மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு இருபது நிமிஷப் படம் எடுத்தவருக்கு இது எந்தக் காலத்தில் கிட்டும்? காசு போகட்டும். யார் பார்த்தார்கள், எங்கே எழுந்து போனார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதாவது தெரியுமா? ஓர் எண்ணிக்கை தெரியும். அந்த எண்ணிக்கைக்கு முகம் கிடையாது.

இந்த ஊருக்கு இதைப் பாடம் சொல்ல வேண்டியதே இல்லை. 1970-களில் திருப்பூர்ச் சரக்கு பம்பாய் வியாபாரிகளின் கை மாறித்தான் கடல் கடந்தது. அவன் சொன்னது விலை. 1980-களில் இந்த ஊர்க்காரர்கள் நேரே பையரைத் தேடிப் போனார்கள். 1990-இல் தமக்கென்று ஏற்றுமதியாளர் சங்கம் கண்டார்கள். இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. அப்பா நேரே சரக்கு விற்றுக் காட்டிய ஊரில், பிள்ளை தன் படத்தை யாரோ ஒருவன் வாசலில் இனாமாய்ப் போட்டுவிட்டு வருகிறான்!

திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கோயம்புத்தூரில் பிறந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற உத்தியோகம். 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, கூடாரம் போட்டு ஊர் ஊராய்க் காட்டினார். இன்றைய கணக்கில் அவையெல்லாம் குறும்படங்கள்தாம். சம்பாதித்து, 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். தென்னாட்டில் சினிமா பிறந்ததே இப்படித்தான்: ஒருவர் சுமந்தார், ஜனங்கள் காசு கொடுத்தார்கள்.

'அக்ரஹாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தை 1977-இல் எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-இல் கேரளத்தில் நண்பர்களுடன் ஒடேஸா என்ற இயக்கம் கண்டார். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டு, ஜனங்களிடம் காசு திரட்டி, அந்தக் காசில் 'அம்ம அறியான்' எடுத்து, 1986 முதல் அதை அந்த ஜனங்களிடமே திருப்பிக் கொண்டு போனார்கள். மதுரையில் அமுதனின் 'மறுபக்கம்' 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறது. ஆக, வழி இல்லை என்பது பொய். நடக்க மனமில்லை என்பதே மெய்.

"தொழிலாளியிடம் டிக்கெட் கேட்பதா? இனாமாய்க் காட்டுவதல்லவா தர்மம்?" என்று சில முற்போக்கு நண்பர்கள் என்னைக் கோபிக்கிறார்கள். எனக்கு இது விளங்கவில்லை. அதே தொழிலாளி நட்சத்திரப் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் வாங்குகிறவர்தானே? அவர் வாழ்க்கையைச் சொல்லும் படம் மட்டும் ஏன் தர்மக் கஞ்சியாக வேண்டும்? காசு கொடுத்தவருக்குத்தான் "படம் சுமார்தானுங்க" என்று சொல்லும் உரிமை வரும். அந்த வார்த்தையைக் கேட்கப் பயந்துதான் இனாம் என்கிறோமோ என்பது என் சந்தேகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் கைக்கு வந்த மறுநாள் ஞாயிறு மாலை. ஒரு சங்கக் கட்டடம் அல்லது சிறிய மண்டபம். வாடகைக்குப் புரொஜக்டர், வெள்ளைத் துணி. துணிக்கா திருப்பூரில் பஞ்சம்? இருபது நிமிஷப் படம் நான்கு, டிக்கெட் முப்பது ரூபாய். நூறு பேர் வந்தால் மூவாயிரம். இரண்டு காட்சி என்றால் ஆறாயிரம். பணக்காரராக முடியாது; அடுத்த ஞாயிறு அவிநாசிக்கோ பல்லடத்துக்கோ போக முடியும். 1952-ஆம் வருஷச் சட்டப்படி, பொதுமக்களுக்குக் காட்டும் படம் ஐந்து நிமிஷமானாலும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அலுப்புத்தான்; என்றாலும் அதையும் செலவில் ஒன்றாக எழுதிக்கொண்டு வாங்குங்கள். விடுதிப் பெண்களை மண்டபத்துக்கு வர விடமாட்டார்கள் என்பது உண்மை. அப்படியானால், ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு விடுகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற காட்சியைக் கடைத்தெருப் பக்கமே வையுங்கள். யாரைப் பற்றி எடுத்தோமோ அவர் பார்க்காத படம் பாதிப் படம்தான்.

கடைசியாக, கதை படிக்கிற உங்களிடம் ஒரு வார்த்தை. 1959-இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகை தொடங்கினார். தாம் வெளியிட்ட புத்தகங்களைப் பையில் கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராய், கல்லூரி கல்லூரியாய் விற்றார். அதைச் சொல்லி இன்றைக்கு நாம் உருகுகிறோம். ஆனால் அதே சுமையோடு ஒரு பையன் குறும்படம் எடுத்துக்கொண்டு நம் வாசலில் நின்றால், என்ன சொல்கிறோம்? "லிங்க் அனுப்புப்பா, நேரம் கிடைச்சா பார்க்கிறேன்" என்கிறோம். தியேட்டரில் பாப்கார்னுக்குக் கொடுப்பதில் கால் பங்கை அவனுக்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை.

சுமக்க வேண்டியது அவன் கடமை என்று இவ்வளவு நேரம் சொன்னேன், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சுமந்து வந்தவனுக்கு முப்பது ரூபாய் எடுத்து வைத்து, பாயில் உட்கார்ந்து, முடிந்த பின் நல்லதோ கெட்டதோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவது நம் கடமை. அது நடக்காத ஊரில் கேடயங்கள்தாம் பெருகும்.