பனியை எடைபோட்ட மொழியாசிரியர்

மொழி கற்றவனுக்கு அறிவியல் எதற்கு என்று எள்ளுவோரும், அறிவியலைத் தமிழில் சொல்ல ஒல்லாது என்று இகழ்வோரும் தமிழ்நாட்டில் இன்றும் குறைந்தாரில்லை. இவ்விரு சாராரும் அமெரிக்க நாட்டுச் செய்தியொன்றை அறிதல் வேண்டும்.

நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த பேராசிரியர் சேம்சு சர்ச்சு (1869-1959). மலையேறுவதில் வேட்கை மிக்க அவர், 10,000 அடிக்கு மேற்பட்ட உரோசு மலையில் கடுங்குளிரிலும் ஏறினார். அம்மலைக்கு அருகே உள்ளது தாகோ ஏரி. ஏரிநீர் உயர்ந்தால் கரையில் வீடுடையார் முறையிட்டனர். தாழ்ந்தால் கீழ்நிலத்து உழவரும் மின்னாக்குவோரும் முறையிட்டனர். மலைப்பனி உருகி எவ்வளவு நீர் வருமென முன்னரே அறிந்தாலன்றி அப்பூசல் தீராது.

பனியின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாதா? போதாது. புதுப்பனி உருகினால் அதன் உயரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே நீராகும். நாட்பட அழுந்திக் கெட்டிப்பட்ட பனியோ பத்தில் நான்கு பங்கும் தரும். எனவே சர்ச்சு, பல்முனை கொண்ட நீண்ட மாழைக் குழாயைப் பனிக்குள் தரைவரை செலுத்தி, அகப்பட்ட பனித்தண்டை எடைபோட்டார். எடையே நீரின் அளவைக் காட்டிற்று. ஆண்டுதோறும் அதே இடங்களில் நிறுத்து, இயல்பளவோடு ஒப்பிட்டு, வரவிருக்கும் நீரை முன்னுரைத்தார்.

கலிப்போர்னியா அரசு 1929-இல் பனியளவையை மாநிலத் திட்டமாக்கிற்று. 2015 ஏப்பிரல் முதல் நாள், பனிநீர் இயல்பளவில் 5 விழுக்காடே எனத் தெரிந்தது. அன்றே நகர்களின் நீர்ப்பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆளுநர் ஆணையிட்டார். கோடையின் வறுமையை மலை முன்னறிவித்தது. இன்று வானூர்தியும் செயற்கைக்கோளும் பனியை அளக்கின்றன. எனினும் அக்குழாய் கைவிடப்படவில்லை.

மொழிப்புலமை அவர் அறிவியலுக்குத் தடையானதா? இல்லை. ஆழம் வேறு, நீர் வேறு எனப் பிரித்தறிந்தவர் ஒரு மொழியாசிரியரே.

இனி மற்றொரு சாராருக்கு வருவோம். பனிப்படிவு, பனித்தண்டு, பனிநீர் என்னும் எளிய சொற்களால் இங்கு உரைத்தவற்றுள் விளங்காதது எது? பனிமலை இல்லாத நாட்டின் மொழி, பனிமலை அறிவியலையே தெளிவுறச் சொல்லுமெனில், காவிரியையும் வைகையையும் ஆயிரமாயிரம் ஏரிகளையும் பற்றிய நீரியலைச் சொல்லாதா? தம் ஏரியின் கணக்கை உழவர்க்கு விளங்காத மொழியில் எழுதி வைப்பது அறிவாகாது. அவர்தம் உரிமையைப் பூட்டி வைப்பதே ஆகும்.

குறை தமிழில் இல்லை. தமிழில் எழுதாத கைகளில் உள்ளது. நீரியல் தமிழில் எழுதப்படுக! தமிழில் கற்பிக்கப்படுக!