கருவூலம் கலந்த விஷம்

கலப்படம் என்றதும் நம் கண்முன் வருபவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி. மிளகில் பப்பாளி விதை, பாலில் யூரியா. லாபவெறி என்று சொல்லிவிட்டால் காரணமும் முடிந்தது. ஆனால் மனிதர் குடிக்கக்கூடிய ஒன்றில் சட்டம் போட்டு, அளவு குறித்து விஷம் சேர்த்த வரலாறும் உண்டு. சேர்க்கச் சொன்னது அரசு.

தொடக்கம் சாதுவானதுதான். பிரிட்டனில் சாராயத்துக்குக் கடுமையான தீர்வை. வார்னிஷ் காய்ச்சுகிறவர்களுக்கும் அதே சாராயம் வேண்டும். தீர்வை இல்லாமல் கொடுத்தால் பட்டறையிலிருந்து நேரே மதுக்கடைக்குப் போய்விடும். அதனால் 1855இல் ஒரு வழி கண்டார்கள்: 9 பங்கு சாராயத்தோடு 1 பங்கு மர நாப்தா. மரத்தை வடித்து எடுக்கும் அதில் பெரும்பகுதி மெத்தனால். மெத்திலேட்டட் ஸ்பிரிட் பிறந்தது இப்படித்தான். 1906இல் அமெரிக்காவும் இந்த வழிக்கு வந்தது. யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை. வரி தப்பக்கூடாது, அவ்வளவுதான். குமட்டும் வாடையே காவல் காக்கும் என்று நம்பினார்கள்.

1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. கள்ளச் சாராயக் கும்பல்கள் தொழிற்சாலை ஸ்பிரிட்டைத் திருடின. சம்பளத்துக்கு வேதியியலாளர்களை அமர்த்தி, கலந்ததைப் பிரித்தெடுத்தன. அரசு பதிலுக்கு இன்னும் பிரிக்க முடியாதவற்றைத் தேடியது. மண்ணெண்ணெய், பென்சீன், பாதரச உப்புகள், ஃபார்மால்டிஹைடு என்று பட்டியல் நீண்டது. மெத்தனாலின் அளவு 10 சதவீதம் வரை ஏறியது.

மெத்தனாலின் கொடுமை அது தாமதிப்பது. குடித்தவனுக்கு வழக்கமான போதைதான், தூங்கி எழுந்துவிடுவான். அதற்குள் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிக்கொண்டிருக்கும். மறுநாள் வயிற்றைப் பிசையும், மூச்சு வாங்கும், கண்ணில் வெண்படலம் விழுந்ததுபோல் இருக்கும். பார்வை நரம்பு கருகத் தொடங்கிவிட்டது என்பது அவனுக்குத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்த 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அங்கே கலந்தது கள்ளச் சாராயக் கும்பல். அரசின் தவறு காவலில் இருந்தது.

அமெரிக்காவிலோ கலந்தது அரசே. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் விஷச் சாராயம் குடித்து நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக்கு வந்த 60க்கும் மேற்பட்டவர்களில் 8 பேர் இறந்தார்கள். நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் பொறுக்கமாட்டாமல் பத்திரிகைகளிடம் பேசினார். அவருடைய ஆய்வக வேதியியலாளர் அலெக்சாண்டர் கெட்லர் இறந்தவர்களின் திசுக்களில் விஷத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நாரிஸின் வாதம் எளிமையானது. திருடிய ஸ்பிரிட்டை மக்கள் குடிக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியும். தெரிந்தும் விஷத்தைக் கூட்டுகிறது. வசதி உள்ளவன் நல்ல சரக்கு வாங்கிக்கொள்கிறான், செத்து விழுவது ஏழை. மதுவிலக்கு இயக்கத்தின் தளபதி வெய்ன் வீலர் மசியவில்லை: விஷம் என்று தெரிந்து குடிப்பவன் தற்கொலை செய்துகொள்கிறான் என்றார். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பாரில் கோப்பையை நீட்டியவன் லேபிளையா காட்டினான்? 1927இல் சூத்திரம் இன்னும் கடுமையானது. 1933 டிசம்பரில் மதுவிலக்கே போனது.

கொல்லாமலும் தடுக்கலாம். 1958இல் ஸ்காட்லாந்தில் தற்செயலாகக் கிடைத்த டெனட்டோனியம் சொட்டளவு கலந்தாலே வாயில் வைக்க முடியாத கசப்பு. பல நாடுகள் ஸ்பிரிட்டில் இப்போது அதைச் சேர்க்கின்றன.

ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. ஸ்பெயின் தன் ஆலிவ் விவசாயிகளைக் காக்க, இறக்குமதியாகும் கடுகின வித்தெண்ணெயில் 2 சதவீதம் அனிலின் என்ற நச்சு ரசாயனத்தைக் கலக்கச் சொன்னது. தொழிற்சாலைக்கு மட்டும் என்று அர்த்தம். மோசடிக்காரர்கள் அதைச் சுத்திகரித்து 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் ஆலிவ் எண்ணெய் என்று தெருவில் விற்றார்கள். வாங்கியவர்கள் மாட்ரிட்டின் தொழிலாளர் குடும்பங்கள். 1981 மே மாதம் முதல் மரணம். நோய்க்கு ஆளானவர்கள் சுமார் 20,000 பேர், இறந்தவர்கள் 300க்கும் மேல். முதலில் நிமோனியா என்றார்கள். மேசையிலிருந்து விழுந்தால் செத்துப்போகும் சின்னப் பூச்சிதான் காரணம் என்று ஓர் அமைச்சர் தொலைக்காட்சியில் விளக்கினார்.

வியாபாரிகள் 1989இல் தண்டிக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அதோடு விடவில்லை. அனிலினுக்கு அனுமதி தந்த அலுவலகத்தையும் கூண்டில் ஏற்றினார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் சுங்கத்துறை ஆய்வகத்தின் முன்னாள் தலைவரின் கவனக்குறைவை உறுதிசெய்து, இழப்பீட்டுக்கு ஸ்பெயின் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.