கேட்டு எடுத்த படங்கள்

ஒரு நகரத்தை அறிதல் என்பது யாது? அதன் மாடங்களையும் பாலங்களையும் எண்ணி வியப்போர் பலர். அங்கு வாழ்வாரை அறிய முயல்வோர் சிலரே. அச்சிலருள் இக்காலத்தே உலகறிந்தவர் நியூயார்க்கின் பிராண்டன் ஸ்டான்டன். சிகாகோவில் கடன்பத்திர வணிகத்தில் இருந்து, 2010இல் அப்பணியை இழந்தவர், ஒளிப்படக் கருவி ஒன்றோடு நியூயார்க்கில் குடியேறினார். நகரமாந்தர் பத்தாயிரவரைப் படமெடுத்து, அவற்றை நகரின் நிலப்படத்தில் இடமறிந்து பொருத்துவதே அவர்தம் முதல் திட்டம். ஆயின், எதிர்ப்பட்டாரோடு உரையாடத் தொடங்கியபின் நிலப்படம் பின்தங்கிற்று. அவர்கள் பேச்சு முன்வந்தது. அவ்வாறு திரண்டவை 'நியூயார்க் மனிதர்கள்' என்னும் பெயரில் 2013இல் நூலாயின. மாந்தர்தம் சொற்களுக்கு மிகுதியாக இடந்தந்த மற்றொரு நூல் 2015இல் வெளிவந்தது.

இம்முயற்சியில் நாம் போற்றுவது படத்தின் அழகையன்று. கேட்டபின் எடுத்தல் என்னும் முறையையே. இதன் அருமையை உணர அதே நகரின் முந்தைய வரலாற்றைக் காணவேண்டும். டென்மார்க்கிலிருந்து 1870இல் வந்து, காவல்துறைச் செய்திகளைத் திரட்டும் செய்தியாளராக விளங்கிய ஜேக்கப் ரீஸ், நியூயார்க் ஏழையரின் நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளைப் படம்பிடித்து 1890இல் நூலாக வெளியிட்டார். மக்னீசியம் கலந்த பொடியைக் கொளுத்தி ஒளியுண்டாக்கும் முறை அப்போதுதான் அறிமுகமாகியிருந்தது. ரீசும் அவர்தம் தோழர்களும் நள்ளிரவில் முன்னறிவிப்பின்றி உட்புகுந்து, பொடியைக் கொளுத்திப் படமெடுத்தனர். உறங்கியோர் திடுக்கிட்டு விழித்தனர். அப்படங்களால் நன்மை விளையாமல் இல்லை. மல்பெரி வளைவு என்னும் இழிநிலைச் சேரி இடிக்கப்பட்டு, 1897இல் அங்குப் பூங்கா அமைந்தது. எனினும், அப்படங்களில் உள்ளோர் இத்தாலியர், சீனர், யூதர் என்னும் வகைகளாகவே நூலில் நிற்கின்றனர். அவர்கள் சொல்ல விரும்பியது யாதெனக் கேட்க அந்நூலில் இடமில்லை.

இக்குறை அயல்நாட்டார்க்கே உரியதன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், படமும் எடுத்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுவன. ஆயினும், அப்படங்களில் நிற்பவர் ஒரு சாதியின் மாதிரியாகவே நிற்கிறார், ஒருவராக நிற்கவில்லை. நம் பாட்டனார் முகங்கள் அவற்றுள் இருக்கலாம். அவர்தம் குரல் இல்லை.

அண்மையில் மாணவர் சிலர் கைப்பேசியில் எடுத்த நம் ஊர்ப் படங்களைத் துறைக் கண்காட்சிக்குக் கொணர்ந்தனர். ஒளியும் நிழலும் அழகுற அமைந்திருந்தன, பாராட்டினோம். கடைத்தெருவில் குடை தைக்கும் முதியவர் எவ்வூரினர், எத்தனை ஆண்டாக அங்கு அமர்ந்திருக்கிறார் என வினவினோம்; விடையில்லை. தொலைவிலிருந்து அவரறியாமல் எடுத்தமையால்தான் முகம் இயல்பாக வந்தது என்று மாணவர் ஒருவர் பெருமிதத்தோடு கூறினார். இயல்பு என்னும் நற்சொல் களவுக்குப் போர்வையாகும் விந்தையை என்னென்பது!

கேள் என்னும் நம் வினைச்சொல், வினவுதல், செவிமடுத்தல் ஆகிய இரண்டையும் குறிக்கும். பெயர்ச்சொல்லாயின் உறவினரையும் குறிக்கும். மொழிநூலார் இவற்றின் தொடர்பை எவ்வாறு விளக்கினும் விளக்குக. தெருவில் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதை ஸ்டான்டனின் பணி காட்டுகிறது. 2015 சனவரியில், புரூக்ளினின் வறிய பகுதியாகிய பிரவுன்ஸ்வில்லில், பதின்மூன்று வயதுச் சிறுவனிடம், உன் வாழ்வில் உன்னை மிகுதியும் ஆளாக்கியவர் யார் என வினவினார். சிறுவன் தன் பள்ளித் தலைமையாசிரியையைச் சுட்டினான். குற்றம் செய்த மாணவரை அவர் வெளியேற்றாமல் அழைத்து அறிவுரை கூறும் பாங்கை எடுத்துரைத்தான். அச்சில சொற்களைப் படித்தோர் அப்பள்ளிக்கு வழங்கிய தொகை 10 இலட்சம் டாலரைக் கடந்தது. முகத்தை மட்டும் எடுத்திருப்பின் இது நிகழ்ந்திராது. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இந்நிகழ்ச்சி தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தருவது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அம்முயற்சியிலும் நமக்கு உடன்பாடில்லாதன உண்டு. ஒரு வாழ்வை ஒரு பத்தியில் அடக்கும்போது எதைத் தெரிந்தெடுப்பது என்னும் அதிகாரம் எழுதுபவரிடமே தங்கிவிடுகிறது. உள்ளத்தை உருக்கும் துயரத்திற்குப் பொருள் குவிகிறது. உருக்கமாகச் சொல்லத் தெரியாதவர் துயரம் அவ்வண்ணமே கிடக்கிறது. கேட்கும் கலை துயரங்களின் சந்தையாகிவிடலாகாது.

மற்றொன்று தமிழ் பயில்வார்க்கு இன்பந்தருவது. ஸ்டான்டன் பெரும்பாலும் தம் மாந்தரின் பெயரைக் கூறுவதில்லை. அகப்பாடலில் தலைவன் தலைவியர் பெயர் சுட்டப்பெறாமை தொல்காப்பியர் வகுத்த மரபன்றோ! பெயரில்லாதவிடத்துப் படிப்பவர் தம்மையே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். 2025 அக்டோபரில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தில் வணிக விளம்பரங்களை நீக்கி, அவ்விடங்களில் இம்மாந்தரின் படங்களையும் சொற்களையும் ஸ்டான்டன் வைத்தார். வண்டிக்கு விரைவோர் நின்று படித்தது பெயரறியாதவர் வாழ்வையே.

நம் ஊரில் படமெடுக்க உடன்படாதோர், சிறப்பாகப் பெண்டிர், பலர். இதனைத் தடையெனக் கருத வேண்டா. முகங்காட்ட விரும்பாதவரின் கைகளை மட்டும் படமெடுத்து, அவர் சொற்களை முழுமையாக வெளியிடும் வழக்கம் நியூயார்க்கிலும் உண்டு. பீடி சுற்றும் விரல்களும் பாய் முடையும் விரல்களும் முகத்தினும் குறைவாகவா பேசும்? கைகளையும் மறுப்பாராயின் எழுத்து ஒன்றே போதும். வேண்டாம் என்று அவர் கூறிய சொல்லையும் மதித்து ஏற்றல் வேண்டும்.

ஆதலின் அடுத்த கண்காட்சிக்குப் படங்கொணரும் மாணவர், ஒவ்வொன்றோடும் ஒரு பக்க உரையாடலையும் எழுதிக் கொணர்தல் வேண்டும். படத்தின் முதற்படி அதில் உள்ளவர் கையில் சேர்ந்தபின்னரே நம் சுவரில் ஏறவேண்டும். குடை தைக்கும் முதியவரிடமிருந்தே தொடங்கலாம்; மழைக்காலத்திற்கு முன்னரே சென்றால் பேசுவதற்கு அவருக்குப் பொழுதிருக்கும்.