வெறும் சூடு அல்ல, கரப்பான்

"மூஞ்சி அரிக்குதுண்ணே, ஒரு ட்யூப் குடுங்க." வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த மெடிக்கலிலும் காதில் விழும் பேச்சு. உடம்புச் சூடுதான், தடவினால் போய்விடும் என்பது இங்கே ஊறிப்போன நம்பிக்கை. அது தவறு, ஆபத்தும்கூட.

வெயிலும் வியர்வையும் அரிப்பைக் கூட்டும், உண்மைதான். ஆனால் முகத்துக் கரப்பான் (தோல் அழற்சி) எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி பிடிபடும். இமை, காதின் பின்புறம், தாடைக்கு அடியில் என வெயில் எட்டாத இடங்களும் தடித்துச் சொரசொரத்தால் காற்றில் வரும் தூசி, ஆவி, சிமென்ட் துகளைச் சந்தேகிக்க வேண்டும். அந்த இடங்கள் தப்பி நெற்றியும் கன்னமும் மட்டும் பாதித்தால் வெயில் ஒவ்வாமையாக இருக்கலாம். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் என்றால் ஸ்டிக்கர் பசை. தலைச்சாயம் போட்ட ஓரிரு நாளில் இமை வீங்கினால் சாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோது, மீனவர்கள் அதைக் கையால் அள்ளினார்கள். அரிப்பும் எரிச்சலும் கண்டார்கள். அவர்களிடம் போய் உடம்புச் சூடு என்பது அநியாயம்.

'சிவக்கவே இல்லையே' என்பார்கள். நம் கருநிறத் தோலில் அழற்சி பழுப்பாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோதான் பெரும்பாலும் தெரியும். நிறத்தை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள்.

கருவாடும் நண்டும் கரப்பான் பண்டம் என்று காசிமேட்டிலேயே மீனை நிறுத்துகிறார்கள். பெரியவர்களின் முகக் கரப்பானுக்குச் சாப்பாடு காரணமாவது அரிது. கரப்பான் தொற்றுவதும் இல்லை. பிள்ளையைத் தள்ளி உட்கார வைக்காதீர்கள்.

இனி அந்த ட்யூப். பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதித்தது. மருத்துவர் அளந்து கொடுத்தால் அது நல்ல மருந்து. நாமாக மாதக்கணக்கில் தடவினால் மெல்லிய முகத்தோல் இன்னும் மெலியும், பரு கிளம்பும், நிறுத்தினதும் முன்னைவிட எரியும். கண்ணருகே தடவினால் கண் அழுத்தம் கூடலாம். படர்தாமரையாக இருந்தாலோ அடையாளம் தெரியாமல் பரவிக்கொண்டே போகும்.

நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் கிருமி சேர்ந்துவிட்டது. வலியோடு கொத்துக்கொத்தாகக் கொப்புளம், காய்ச்சல், கண்வீக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிக்காமல், தொட்டால் உணர்ச்சி குறைந்து வெளிறிய படை கரப்பானே அல்ல, தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.