மீண்டும் கடல்மல்லை

நுழையும்முன்

நெடுந்தொலைவில் உள்ள ஊரைக் காண நாள் குறிக்கிறோம்; பணம் சேர்க்கிறோம். ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரையோ, “அதுதான் பார்த்தாயிற்றே” என்று ஒதுக்கிவிடுகிறோம். செங்கல்பட்டு வட்டாரத்தில் வாழ்வோருக்கு மாமல்லபுரம் அத்தகைய ஊர். அவ்வூருக்கு மறுபடியும் ஏன் செல்ல வேண்டும் என்னும் வினாவை எழுப்பி விடை தேடுகிறது இவ்வுரைநடை.

பள்ளிச் சுற்றுலா முடிந்த மறுவாரம் மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளைப் பல்லாண்டுகளாகப் படித்து வருகிறேன். மாமல்லபுரம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைந்திருக்கும். காலையில் பேருந்து புறப்பட்டது, கடற்கரைக் கோயிலைக் கண்டோம், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டோம், புளியோதரை உண்டோம், மாலையில் இல்லம் திரும்பினோம். இவற்றில் பொய் ஏதும் இல்லை. ஒரு நாளில் அவ்வளவுதான் காண இயலும். ஆனால், அவ்வாறு எழுதிய மாணவருள் பலர் அதன்பின் அவ்வூரை நாடுவதே இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுதான், இருந்தும், கணக்கேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டதுபோல அந்த ஊரை மனத்திலிருந்து அடித்துவிடுகிறார்கள்.

மாமல்லபுரத்துச் சின்னங்களை 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றைக் காணக் கடல்கடந்து வருவோர்க்குக் கிடைப்பது ஒரு நாள்; மிஞ்சினால் இரண்டு நாள். அவர்களுக்கு இல்லாத ஒரு பேறு நமக்கு உண்டு: மறுமுறை செல்லலாம். அருகில் வாழ்வதன் முழுப்பயன் அதுவே என்பது என் துணிபு.

ஒரே பாறை, வெவ்வேறு ஒளி

பிரெஞ்சு ஓவியர் குளோது மோனே, ரூவான் என்னும் நகரத்தின் தேவாலய முகப்பை 1892, 1893ஆம் ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தார். கட்டடம் ஒன்றே, காலை, நண்பகல், மாலை, பனிமூட்டம் என வேளைதோறும் அது வேறாகத் தோன்றியதையே அவர் வரைந்தார். அத்தகைய கண்ணோடு அருச்சுனன் தபசு எனப்படும் புடைப்புச் சிற்பத்தின்முன் நின்று பாருங்கள். ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்தில் விரிந்துள்ள அப்பாறை கிழக்கு நோக்கியது. இளங்காலையில் வெயில் நேரே விழும்போது யானைகளும் தவசிகளும் கந்தருவர்களும் பாறையிலிருந்து வெளியே வருவதுபோல் தோன்றுவர். சுற்றுலாப் பேருந்துகள் பல, வெயில் உச்சிக்கு ஏறியபிறகே வந்து சேர்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போது சென்றால் இன்னொன்று விளங்கும். பாறையின் நடுவே உள்ள பிளவில் நாகர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே நீர் தேக்கி அப்பிளவின் வழியே வழியவிட்டதற்கான தடயங்கள் உள்ளன என்பர் அறிஞர். கல் நனைந்து நீர் இறங்கும் வேளையில் அக்கருத்தை நூலில் தேட வேண்டியதில்லை.

முதன்முறை யானைகளைப் பார்த்தவர் இரண்டாம் முறை பூனையைப் பார்ப்பார். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் புரிகிறது அது. அதன் காலடியில் எலிகள்! மேலே ஒரு தவசி அதே நிலையில் நிற்கிறார். உண்மைத் தவத்தையும் பொய்த் தவத்தையும் ஒரே பாறையில் வைத்த சிற்பியின் குறும்பை எண்ணிச் சிரிக்க, அவசரமற்ற ஒரு நாள் வேண்டும். மூன்றாம் முறை செல்பவர் தெற்கே சற்று நடந்து, இதே காட்சியை வேறொரு பாறையில் தொடங்கிப் பாதியில் விட்டிருப்பதைக் காண்பார். அதன்முன் கூட்டம் நிற்பதில்லை. எனக்கு முன்னதைக் காட்டிலும் இதில்தான் ஈடுபாடு மிகுதி. உளி எங்கே தொடங்கியது, கல் எவ்வாறு உருவம் பெற்றது என்பதை நிறைவுற்ற சிற்பம் மறைத்துவிடும். நிறைவுறாத சிற்பம் காட்டிக்கொடுக்கும்.

ஐந்து இரதங்களும் அவ்வாறே. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தருமராச இரதத்தின் மேல்தளங்கள் பொலிவுடன் விளங்க, கீழ்த்தளத்தின் உட்பகுதியோ குடைந்து முடிக்கப்படாமல் நின்றுவிட்டது. நகுல சகாதேவ இரதத்தின் அருகில் ஒரு கல்யானை நிற்கிறது. பலரும் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வர். பின்புறம் வளைந்து அமையும் இவ்வகைக் கோயிலுக்குத் தமிழில் ‘தூங்கானை மாடம்’ என்று பெயர். இரதத்தின் பின்புற வளைவையும் யானையின் பின்புற வளைவையும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில் நின்றால், சொல்லின் பொருளைச் சிற்பியே கல்லில் எழுதி வைத்திருப்பது புலனாகும்.

முடிந்துவிடாத வினாக்கள்

அந்தப் பெருஞ்சிற்பம் அருச்சுனன் தவத்தைக் காட்டுகிறதா, கங்கையைக் கொணர்ந்த பகீரதன் தவத்தைக் காட்டுகிறதா என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இவ்வூர்ச் சின்னங்கள் முதலாம் நரசிம்மவர்மன் தொடங்கிப் பல மன்னர்களின் காலத்தில் உருவானவை என்பது பரவலான கருத்து. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியோ, அவை அனைத்தும் இராசசிம்மன் காலத்தவை என 1962ஆம் ஆண்டில் வாதிட்டார். அவர் கருத்தை ஏற்றோரும் உளர், மறுத்தோரும் உளர். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்கள் மாமல்லனையும் ஆயனச் சிற்பியையும் தேடியே அவ்வூருக்கு வருவர். தேடட்டும், அது தவறன்று. புதினத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை, கல்வெட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு மறுமுறை என்று வந்தால் கதைக்கும் வரலாற்றுக்கும் இடையிலுள்ள தொலைவை அவர்களே அளந்துகொள்வர்.

உப்பும் மணலும்

மாமல்லபுரம் தன்னை முழுமையாக இன்னும் காட்டிவிடவில்லை. கடற்கரைக் கோயிலின் வடபுறத்தில் மணலுக்கடியில் கிடந்த சிறுகோயிலும் வராக உருவமும் 1990ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் கல்வெட்டு தென்பட்டது. அதனைத் தொடர்ந்து அகழ்ந்த தொல்லியல் துறையினர் ஒரு முருகன் கோயிலைக் கண்டறிந்தனர். பல்லவர் காலக் கட்டுமானத்தின்கீழ், அதனினும் பழமையான செங்கற்கோயில் இருந்தது. 2003இல் அவ்வழியே புலிக்குகைக்குச் சென்று வந்து, “பார்த்தாயிற்று” என்று சொன்னவர் அதனைப் பார்த்திருக்க முடியாது.

கடல் கொடுப்பதைப் போலவே எடுக்கவும் செய்கிறது. கடற்கரைக் கோயிலின் வெளிப்புறச் சிற்பங்கள் பலவற்றில் முகம் மழுங்கி, அணிகலன்கள் கரைந்து, உருவத்தின் சுவடு மட்டுமே எஞ்சியுள்ளது. உப்புக்காற்றின் வேலை அது. அலையைத் தடுக்கப் பாறைகளை அடுக்கினார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டார்கள். தேய்மானத்தின் வேகம் குறையலாம், நின்றுவிடாது. இங்குதான் மறுமுறை செல்வதன் தேவையை உணர்கிறேன். ஒருமுறை மட்டும் வந்தவருக்கு மழுங்கிய சிற்பம் என்றும் மழுங்கியதாகவே தோன்றும். பத்தாண்டுக்கு முன் அந்த நந்தியின் காது எவ்வாறு இருந்தது, இந்தத் தூணில் கிறுக்கப்பட்ட பெயர் எப்போது வந்தது, மணல்மேடு எங்கே போயிற்று என்று சொல்லக்கூடியவர் மீண்டும் மீண்டும் வந்தவரே. தொல்லியல் துறையிடம் அளவுகளும் படங்களும் இருக்கும். ஊர்மக்களின் நினைவு இல்லாதபோது அவற்றைக் கேட்டு வாங்கவும், கேள்வி எழுப்பவும் ஆளிருக்காது.

உலகம் பரந்திருக்க ஓர் ஊரையே சுற்றிவந்தால் அறிவு குறுகாதா என்று கேட்பார் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கடற்கரைக் கோயிலை நன்கு அறிந்த ஒருவர், அதே இராசசிம்மன் காஞ்சியில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றால் அவருக்கு உடனே வினா எழும்: இங்கே ஏன் மணற்கல்? கடலே இல்லாத இவ்விடத்தில் ஏன் இத்தனை சிதைவு? ஓரிடத்தைப் பழகிய கண் வேறிடத்திலும் வெறுமனே இராது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் இறந்துபோன கலையின் இடம் அன்று. 1957ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையமே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அதன் முதல்வராக விளங்கிய வை. கணபதி ஸ்தபதிதான் குமரிமுனையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவர். இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஐந்துரதம் சாலையில் நடந்தால் இரும்புளியின் ஓசையோடு மின்கருவியின் இரைச்சலும் கேட்கிறது. கற்பொடி படிந்த முகத்துடன் இளைஞர்கள் குனிந்திருக்கிறார்கள். பட்டறை வாயிலில் ஒரு பிள்ளையார்: துதிக்கையும் வயிறும் திருத்தமாக வந்துவிட்டன, பாதங்கள் இன்னும் கல்லுக்குள் இருக்கின்றன. அடுத்தமுறை செல்லும்போது அவர் ஏதோ ஓர் ஊருக்குப் போயிருப்பார். அந்த இடத்தில் வேறொரு கல், முகம் மட்டும் எழுந்த நிலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.