ஓவியக் கலையை ஒளித்து வைக்கலாமா?

லால்பேட்டை என்றால் வெற்றிலை நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்கள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். தந்தை அங்கே; தாயும் பிள்ளைகளும் இங்கே! குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது சுலபம் அல்ல.

காமிராவுக்கு எல்லோரும் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். ஓவியருக்கு அது தேவை இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, ஒரே படத்தில் சேர்த்துவிடுவார்.

இத்தாலி ஓவியர் டிஷியன் 1540-களில் அப்படி ஒரு பெரிய குடும்பப் படம் தீட்டினார். அண்ணன் தம்பி இருவர், பிள்ளைகள் ஏழு பேர், ஒரு நாய்க்குட்டி! அந்தப் படம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

மறுத்தார் ஆசிரியர்

இந்தத் தைல வண்ண வித்தையைக் கற்க ரவிவர்மா பட்ட பாடு கொஞ்சமா?

1848-ல் கிளிமானூரில் பிறந்தவர் அவர். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே இருந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார்.

பார்த்துப் பார்த்தே கற்றார் ரவிவர்மா! 1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார். பல பகுதிப் பெண்கள் 11 பேர் இசைக் கருவிகளுடன் கூடியிருக்கும் அவரது படம், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது.

அரண்மனையில் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஏழைப் பிள்ளைக்கு என்ன கதி?

ரகசியம் இதுதான்

முதலில் யார் எங்கே இருப்பது என்று கரித்துண்டால் வரைய வேண்டும். பிறகு ஒரே வண்ணத்தில் வெளிச்சமும் நிழலும் தீட்ட வேண்டும். அதன் மேல்தான் பல வண்ணங்கள். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும்; மேல்பூச்சில் கூடலாம். மாறினால் படம் வெடித்துவிடும்! ஒளி ஒரே பக்கமிருந்து விழ வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்து வரைந்தவர்கள் ஒட்டாமல் நிற்பார்கள்.

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். தைல வண்ணத்துக்குச் செலவும் உண்டு. ஆனால் கரித்துண்டுக்கும் காகிதத்துக்கும் என்ன செலவு? கை தேறிய பிறகு வண்ணம் வாங்கலாம். மேலே படிக்க, கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது.

பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடல் கடந்து பிரிந்திருக்கும் குடும்பத்தை ஒரே படத்தில் சேர்த்து வைக்கும் கை, நாளை லால்பேட்டையிலிருந்தே வரட்டும்!